பல்வேரையும் கொஞ்சம் பாருங்க: மாவட்ட சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

எங்க அம்மைக்கு மரச்சீனிக்கிழங்கு சாப்பிடும்போ பல்செட் கம்பி மாட்டுற பல்லு ஈறு மட்டத்துல ஒடிஞ்சு கையில வந்துட்டு. வலியே கிடையாது, அதான் கொடுமை. முன்னாடி ஒரு ஆஸ்பத்திரில காட்டுனப்போ மேலாப்புல பாத்துட்டு "வயசாச்சுல்லா, அப்படித்தான் இருக்கும்"னு அனுப்பிட்டாங்க. ஈறு இறங்கினா வேரு வெளிய வந்துரும், அங்க எனாமல்ங்கிற கெட்டி மேல்பூச்சு கிடையாது, சொத்தை சீக்கிரம் பிடிக்கும், ஆனா மேல பாத்தா பல்லு நல்லாத்தான் தெரியும். பல்செட்ட கழட்டி, பஞ்சு வச்சு துடைச்சு, ஈறு ஓரத்த மழுங்கின கம்பியால பைய தொட்டுப் பாத்திருந்தா, மெத்துனு இருக்கத வச்சே சொத்தைன்னு அன்னைக்கே கண்டுபிடிச்சிருக்கலாம்.

இப்போ உள்ள நிக்குற வேரை எடுக்கணும். அம்மை ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவ, அதனால பல் டாக்டர் ஹார்ட் டாக்டர்ட்ட லெட்டர் கேக்காரு, நியாயம்தான், ஆனா அவருக்க ஓபி வேற நாளு, அன்னைக்கு சுகர் கூடிருந்தா அதுவும் தள்ளிப்போகும், பேச்சிப்பாறை பக்கத்துல இருந்து நாகர்கோவிலுக்கு மறுபடியும் பஸ்ஸு. அதுவரைக்கும் கஞ்சிதான். மீன்கறிய பாத்துட்டு தட்ட தள்ளி வைக்கா.

2021ல தொடங்குன மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம், குறையே சொல்லல. ஆனா வீட்டுக்கே வர்ற பிரஷர் மாத்திரைல சிலது வாயைக் காய வைக்கும், எச்சில் குறைஞ்சா வேர்ச்சொத்தை வரும், வாய் காயுதேன்னு நாள் முழுக்க கருப்பட்டிக் காப்பிய உறிஞ்சுனா இன்னும் வேகமா வரும். மாத்திரை குடுக்க ஆள் இருக்கு, வாயைப் பாக்க ஆள் இல்லையா? 30 வயசு தாண்டினா வாய்ப்புற்று பாக்கணும்னு திட்டமே இருக்குல்லா, அந்த டார்ச்ச கொஞ்சம் ஈறு பக்கமும் திருப்பினா என்ன? முதியோர் தின ஃப்ளெக்ஸ்ல சிரிக்கிற பாட்டிக்கு மட்டும் 32 பல்லும் பளபளன்னு இருக்கு, அது எந்த ஊரு பாட்டியோ தெரியல.

சரி, கோவம் வேண்டாம். தயவுசெய்து 60 தாண்டினவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பல்வேரைப் பாக்க ஏற்பாடு பண்ணுங்க. ஆரம்பத்துலயே கண்டா ஃபுளோரைடு வார்னிஷ் பூசலாம், இல்லன்னா 38 சதவீத சில்வர் டைஅமைன் ஃபுளோரைடுங்கிற மருந்து தடவலாம், அந்த இடம் கருப்பாகும், அது பரவால்ல, பெரும்பாலும் சொத்தை அப்படியே கெட்டிப்பட்டு நிக்கும், டிரில்லும் வேண்டாம் ஊசியும் வேண்டாம். என்னைக்கு எங்க பாப்பாங்கன்னு மாத்திரை கொண்டு வர்றவங்ககிட்ட சொல்லிவிட்டா போதும், நாங்களே கூட்டிட்டு வந்துருவோம்.