இயற்கை டியோடரன்ட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களே,

வணக்கம். உங்கள் டியோடரன்ட்டைப் பூசியதிலிருந்து அக்குளில் எரிச்சல் என்று உங்களில் ஒருவருக்கு எழுதினேன். "உடம்பிலுள்ள நச்சு வெளியேறுகிறது, சில வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. நச்சை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை. அக்குளுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்தது யார்?

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. தோலின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு, 5-ஐ ஒட்டியது; லேசான அமிலம். நீங்கள் போடும் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்தால் 8-ஐத் தாண்டும். நாற்றத்தைக் கிளப்பும் பாக்டீரியாவுக்கு அது ஒத்துக்கொள்ளாது, சரி. பலருடைய தோலுக்கும் ஒத்துக்கொள்ளாதே! முதலில் சிவந்தது, அப்புறம் அரித்தது, பிறகு சட்டைக் கை உரசினாலே காந்தியது. கையைத் தொங்கவிட முடியாமல் இடுப்பில் ஊன்றிக்கொண்டே நின்றேன்; பார்த்தவர்கள் சண்டைக்கு நிற்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். இரவில் கையைத் தலைக்கு மேல் தூக்கிவைத்துப் படுக்க வேண்டியிருந்தது. சிவப்பு அடங்கியதும் தோல் கருத்துச் செதில் செதிலாக உரிந்தது.

டப்பாவின் முன்பக்கம் ஒரு பச்சை இலை, "தோலுக்கு இதமானது" என்ற வாசகம். பின்பக்கம், கண்ணில் படாத பொடி எழுத்தில், சோடியம் பைகார்பனேட்; அதே சமையல் சோடாதான்.

நான் கேட்பது ஒன்றுதான். சோடா சேர்த்திருந்தால், எத்தனை சதவீதம் என்பதோடு முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

சோடாவோடு நின்றாலும் பரவாயில்லை. படிகாரக் கல்லை 'அலுமினியம் இல்லாதது' என்று விற்கிறார்கள். படிகாரமே பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட்தான்! வியர்வையை அடைக்கிற அலுமினிய உப்பு வேறு, இது வேறு என்றால் அப்படியே எழுதிவிட்டுப் போங்களேன். லாவெண்டர் எண்ணெயும் காற்றுபட்டுப் பழசானால் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. செடியிலிருந்து வந்ததெல்லாம் சாது என்றால், அரளியும் செடிதானே?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோடாவுக்குப் பதில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு போட்டுச் செய்தவை இருக்கின்றன. இப்போது நான் பூசுவது அதுதான், எரிச்சல் இல்லை. சோடா பலருக்கு ஒத்துப்போகிறது என்பதும் உண்மை. ஒத்துப்போகாதவர்கள் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளட்டும். எரிகிறது என்று எழுதுகிறவர்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல், பூசுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த முறை டப்பா அச்சுக்குப் போகும்போது, அந்த இலையைக் கொஞ்சம் சிறிதாக்கி, சோடாவின் பெயருக்கும் அளவுக்கும் முன்பக்கத்தில் இடம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்