படகுகளைக் கட்டி நிறுத்தும் இடங்களுக்கு எழுத்து வடிவில் விதி வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
இத்துறைமுகத்தில் படகைக் கட்டி நிறுத்தும் உரிமையாளர்கள், படகோட்டிகள் சார்பாக,
சிறு படகு உரிமையாளர் ஒருவர்.

பெறுநர்
துறைமுக அதிகாரி அவர்கள்,
ஊர்த் துறைமுக அலுவலகம்.

பொருள்: படகுகளைக் கட்டி நிறுத்தும் மிதவைகள், சங்கிலிகளை ஆண்டுதோறும் ஆய்வு செய்தல், இட ஒதுக்கீட்டுப் பட்டியலை வெளியிடுதல், கைவிடப்பட்ட படகுகளை அகற்றுதல் குறித்து விதி வகுக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். இந்த மனுவோடு ஒரு சங்கிலிக் கண்ணியையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். தயவுசெய்து கையில் எடுத்துப் பாருங்கள். நேராக இருக்கும் இரண்டு பக்கமும் கட்டைவிரல் கனம். அடுத்த கண்ணி வந்து கோக்கும் வளைவில் மட்டும் பென்சில் கனம்கூட இல்லை. அந்த இடம் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருப்பதையும் கவனியுங்கள். கடலடி மணலில் புரண்டு, கண்ணியோடு கண்ணி உரசி, துரு பிடிக்க நேரமில்லாமல் தேய்ந்த இடம் அது. அங்கேதான் அறுந்தது.

கடந்த புயலின்போது எங்களுக்குப் பக்கத்து மிதவையில் கட்டியிருந்த படகின் சங்கிலி இது. நள்ளிரவு தாண்டி அறுந்தது. படகு அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, திருப்பிக்கொண்டு நேராக எங்கள் படகின் மேல் வந்து மோதியது. நானும் என் அண்ணன் மகனும் கொக்கிக் கம்பை ஊன்றி அதைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றோம். எங்கள் கயிறு தாங்கியது, ஆனால் பக்கப் பலகை இரண்டு இடத்தில் பிளந்துவிட்டது. பக்கத்துப் படகுக்காரர் மறுநாள் வந்து கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மிதவைக்கு மேலே தெரியும் கயிற்றை அவர் மாதாமாதம் பார்த்து மாற்றியவர்தான். தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாரும் அவரிடம் சொல்லவில்லை, அப்படிச் சொல்லும் விதியும் இங்கே இல்லை. அலுவலகப் பதிவேட்டில் கட்டணம் கட்டிய தேதி இருந்தது. சங்கிலி எப்போது போட்டது, அந்தச் சங்கிலியைக் கடலடியில் பிடித்து வைக்கும் கனத்த கட்டை எத்தனை கிலோ என்பது எங்கும் எழுதப்படவில்லை.

கட்டணம் வாங்குவதைக் குறை சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. நாம் ஒவ்வொருவரும் படகைக் கட்டியிருப்பது பொதுத் தண்ணீரில். என் சங்கிலி அறுந்தால் அடிபடப்போவது என் படகு மட்டுமல்ல, காற்று போகும் திசையில் கட்டியிருக்கும் அத்தனை படகுகளும்தான். அதனால் என் சங்கிலியின் நிலை என் சொந்த விஷயம் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. இது எங்கள் எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. இதை எழுத்தில் வைத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்த உங்களால்தான் முடியும்.

இதற்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி எழலாம். கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகள் 1977-இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் முதல் விதியே, துறைமுகங்களுக்கும் ஆறுகளுக்கும் உரிய அதிகார அமைப்பு தனி விதிகள் வகுப்பதற்குத் தடையில்லை என்று சொல்கிறது. அந்தத் தனி விதிகள் பன்னாட்டு விதிகளோடு முடிந்தவரை ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒவ்வொரு ஊரின் ஆழமும் அலையும் வேறு வேறு என்பதால்தான் இந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். நம் ஊர் அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

முதலில் சங்கிலியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அப்புறம்தான். பல ஊர்த் துறைமுகங்களில், கண்ணி அதன் முதல் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால் மாற்றியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் பயம் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி 8 மில்லிமீட்டராகத் தேய்ந்தால், வெட்டுப்பரப்பில் மிஞ்சுவது 44 சதவீதம்தான். பாதி பலம்கூட இல்லை. காற்றோ இன்னொரு பக்கம் வேறு கணக்குப் போடுகிறது. அதன் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் விழும் விசை நான்கு மடங்காகிறது. சாதாரண நாளில் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும் சங்கிலி, புயல் நாளில் ஒரே இழுப்பில் போவது இதனால்தான்.

அடியில் போடும் கட்டையிலும் இதே போன்ற ஏமாற்றம் இருக்கிறது. கரையில் 1000 கிலோ எடையுள்ள கான்கிரீட் கட்டை கடல்நீருக்குள் ஏறக்குறைய 570 கிலோதான் நிற்கும். இரும்பு அந்த அளவுக்கு எடை இழப்பதில்லை. எங்களில் பலர் கரையில் நிறுத்துப் பார்த்த எடையை நம்பித்தான் கட்டை இறக்கியிருக்கிறோம். நானும் அப்படித்தான் இறக்கினேன். படகின் நீளத்துக்கும் எடைக்கும் ஏற்ப எந்தக் கட்டை, எத்தனை மில்லிமீட்டர் சங்கிலி, அதிகபட்ச நீர்மட்டத்தில் ஆழத்தைப் போல எத்தனை மடங்கு நீளம் என்று ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டுத் தாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, புயல் காலம் தொடங்கும் முன், சங்கிலியை முழுவதுமாகத் தூக்கியோ, முக்குளிப்பவரை இறக்கியோ பார்க்கட்டும். குறிப்பாகச் சங்கிலி தரையிலிருந்து எழும்பும் பகுதியை அளக்க வேண்டும். அலைக்கு அலை தூக்கிப் போடப்படும் அந்த இரண்டு மூன்று மீட்டர்தான் முதலில் தேயும். அளந்தவர் கையெழுத்து, தேதி, கனம் மூன்றும் பதிவேட்டில் ஏறட்டும். ஆய்வுச் சீட்டு இல்லாத மிதவைக்கு அடுத்த ஆண்டு அனுமதி புதுப்பிக்க வேண்டாம். எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்து இடைவெளி. ஒற்றை மிதவையில் கட்டிய படகு ஓரிடத்தில் நிற்பதில்லை, வட்டமடிக்கிறது. ஆழம் 4 மீட்டர், சங்கிலி 12 மீட்டர், படகு 8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது இழுபடும்போது சுற்றும் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 19 மீட்டர். எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பினால் பிரச்சினை இல்லை. ஆனால் ஆழமான அடிப்பாகம் உள்ள படகு நீரோட்டத்துக்குத் திரும்பும், இலேசான படகு காற்றுக்குத் திரும்பும். இரண்டும் எதிரெதிராக இருக்கும் நேரத்தில் பின்பக்கங்கள் இடித்துக்கொள்கின்றன. இங்கே மிதவைகள் வந்தவர் விருப்பப்படி போடப்பட்டிருக்கின்றன. ஒரு வரைபடம் தயாரித்து, ஒவ்வோர் இடத்துக்கும் எண் கொடுத்து, அந்த எண்ணை மிதவையிலும் படகின் அணியத்திலும் தூரத்திலிருந்து படிக்கும்படி எழுத வைக்க வேண்டும். இரவில் அறுந்து மிதக்கும் படகு யாருடையது என்று தெரிந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் வேலை முடியும்.

நெருக்கமாகக் கட்டுவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 2023 நவம்பரில் விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் நள்ளிரவில் பிடித்த தீ, பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருந்த படகுகளுக்குத் தாவி, சுமார் 40 விசைப்படகுகள் எரிந்துபோயின. டீசலும் எரிவாயு சிலிண்டரும் இல்லாத படகு எது? படகுத்துறையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக எத்தனை படகுவரை கட்டலாம், தீயணைப்புப் படகு நுழைய எந்த வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதை விதியில் சேருங்கள். நுழைவுப் பாதையில் யாரும் நங்கூரம் போடக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். குறுகலான கால்வாயில் நங்கூரமிடுவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்று மேலே சொன்ன பன்னாட்டு விதிகளே கூறுகின்றன. இருட்டில் நங்கூரமிட்டிருக்கும் படகில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும் என்பதும் அதில் உண்டு. இங்கே பலருக்கு அது தெரியாது, தெரிந்தவர்களும் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறார்கள்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. இடம் யாருக்குக் கிடைக்கிறது என்பது எங்களுக்குப் புரிவதில்லை. ஆறு ஆண்டுகளாகக் காத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் "பட்டியலில் இருக்கிறீர்கள்" என்கிறார்களாம். அந்தப் பட்டியலை அவர் இதுவரை கண்ணால் கண்டதில்லை. அதே நேரத்தில், படகை விற்றவர்கள் மிதவையையும் சேர்த்துப் பேரம் பேசி விற்கிறார்கள். பொதுத் தண்ணீரை யாரும் விற்க முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மிதவை அனுமதி ஆண்டு அனுமதியாகத்தான் தரப்படுகிறது. காலியாகும் இடம் காத்திருப்போர் பட்டியல் வரிசைப்படி போக வேண்டும், நெருங்கிய குடும்பத்தினரைத் தவிர வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று அங்கே விதி. நமக்கும் அது பொருந்தும். பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டிவிடுங்கள், போதும். பெயர் எழுதிய தேதி, படகின் நீளம், வரிசை எண் என்று மூன்று பத்திதான். சந்தேகம் பாதி அன்றைக்கே தீர்ந்துவிடும்.

கைவிடப்பட்ட படகுகளுக்கு வருகிறேன். வடக்கு மூலையில் பாதி மூழ்கிக் கிடக்கும் மூன்று படகுகளை உங்கள் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். அவற்றில் ஒன்றிலிருந்து இன்றும் எண்ணெய் கசிகிறது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது தண்ணீரில் நிறம் நிறமாகத் தெரியும். மூழ்கிய கப்பல்களை அகற்றுவது குறித்த நைரோபி உடன்படிக்கை 2007-இல் ஏற்கப்பட்டு 2015-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதன் கட்டாயக் காப்பீடு 300 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குத்தான். எங்கள் அளவுப் படகுகளை அது தொடாது. அந்த இடைவெளியை உள்ளூர் விதி மட்டுமே அடைக்க முடியும்.

யாருக்கும் பொறுப்பில்லாமல் கிடக்கும் ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பெய்ரூட் துறைமுகத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2013-இல் அங்கே வந்த ரோசஸ் என்ற கப்பலை உரிமையாளர் கைவிட்டார். அதிலிருந்து இறக்கிய 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்தது. கப்பல் 2018-இல் அந்தத் துறைமுகத்திலேயே மூழ்கியது. 2020 ஆகஸ்ட் 4 அன்று அந்தச் சரக்கு வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் மூலையில் அப்படி எதுவும் இல்லை என்பது தெரியும். ஆனால் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதப்பட்டும் கையொப்பமிட்டு அகற்ற ஓர் ஆள் இல்லாமல் போன கதை அது. இங்கே அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். படகில் அறிவிப்பு ஒட்டுவது, பதிவு முகவரிக்குக் கடிதம் அனுப்புவது, 30 நாள் காத்திருப்பது, பிறகு அகற்றிச் செலவை உரிமையாளரிடம் வசூலிப்பது என்று நடைமுறையை எழுதிவையுங்கள். உரிமையாளர் இறந்துபோயிருந்தாலோ, வசதியில்லாதவராக இருந்தாலோ படகை மனமுவந்து ஒப்படைக்க ஒரு வழியும் வேண்டும். வழி இல்லாததால்தான் பலர் இருட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு சிறு விஷயம். தரையில் புரளும் சங்கிலி தன்னைச் சுற்றியுள்ள கடற்புல்லை வட்டமாகச் சுரண்டிவிடுகிறது. மீன் குஞ்சுகள் ஒதுங்குவது அந்தப் புல்லில்தான். சங்கிலியைத் தரைக்கு மேலே தூக்கி நிறுத்தும் நீட்சிக் கயிறுகள் இப்போது பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கின்றன. புல் அடர்ந்த தெற்குப் பக்கத்தில் மட்டுமாவது அவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

விதிகளை வரைவாக எழுதியதும் முதலில் எங்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அடிமண் சேறு, எங்கே பாறை, எந்தக் காற்றுக்கு எந்த மிதவை இழுபடும் என்பது அன்றாடம் துடுப்புப் போடுகிறவர்களுக்குத் தெரியும். முதல் ஆண்டு அபராதம் வேண்டாம், எச்சரிக்கைச் சீட்டு போதும். சங்கிலி மாற்ற வசதியில்லாதவர்களுக்கு நாங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கித் தர ஏற்பாடு செய்கிறோம். ஆய்வு நாளில் தூக்கிக் கொடுக்க எங்கள் படகுகளும் ஆட்களும் வருவோம்.

அடுத்த புயல் காலத்துக்கு முன் முதல் சுற்று ஆய்வையாவது முடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கண்ணியைத் திருப்பித் தர வேண்டாம். உங்கள் மேசையிலேயே இருக்கட்டும்.

நன்றி.

இப்படிக்கு,
துறைமுகத்தில் படகு கட்டுவோர் சார்பாக,
சிறு படகு உரிமையாளர்.

இணைப்பு: அறுந்த சங்கிலிக் கண்ணி 1, படகு உரிமையாளர்கள், படகோட்டிகள் கையெழுத்துப் பட்டியல், மிதவைகள் இப்போது இருக்கும் இடங்களைக் காட்டும் கையால் வரைந்த படம்.