எடைக்குப் போடாதே

புதுச்சேரி
ஞாயிறு மாலை

அன்புள்ள ரெட்டைச்சடைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தை இரண்டு சுற்று சுற்ற முடிகிறது என்றால் மாடிப்படியும் சீக்கிரம் கைகூடும், அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. யாராவது பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, பரணைச் சுத்தம் பண்ணும்போது கால்ஷீட் டைரிகள் 19-ம் கிடைத்தன, பழைய பேப்பர்காரர் வந்தால் எடைக்குப் போட்டுவிடுவேன் என்று. சினிமா ஆபீஸில் நடிகர்களின் ஷூட்டிங் தேதிகளை நீ குறித்து வைத்த டைரிகள் அவை. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. போட்டுவிடாதே. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

போன மாதம் முழுக்க நான் ஒரு பிரெஞ்சுத் தொடர் பார்த்தேன். ‘தீ பூர் சான்’ என்று பெயர், பத்து சதவீதம் என்று அர்த்தம். நெட்ஃபிளிக்ஸில் ‘கால் மை ஏஜென்ட்’ என்று போட்டால் வரும். பாரிஸில் ஏ.எஸ்.கே. என்று ஒரு ஏஜென்ஸி. நடிகர்களுக்குப் படம் பிடித்துக் கொடுப்பது, சம்பளம் பேசுவது, இயக்குநரோடு முறைத்துக்கொண்டால் சமாதானம் பண்ணுவது எல்லாம் அவர்கள் வேலை. நடிகர் வாங்குவதில் 10 சதவீதம் அவர்களுக்கு, பொதுவாக அதற்கு மேல் எடுக்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. கோடம்பாக்கத்தில் நீங்கள் மேனேஜர் என்பீர்களே, கிட்டத்தட்ட அதுதான். இங்கே ஒவ்வொரு நடிகருக்கும் தனித்தனியாக ஒரு மேனேஜர், அங்கே ஒரே கூரைக்குக் கீழே நாலைந்து ஏஜென்ட்டுகள் சேர்ந்து ஏகப்பட்ட நடிகர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

2015 அக்டோபரில் பிரான்ஸ் 2 சேனலில் ஆரம்பித்து 2020-இல் முடிந்த தொடர். 4 சீசன், சீசனுக்கு 6 எபிசோடு. நிஜ ஏஜென்ட்டாகப் பல வருஷம் இருந்த தொமினிக் பெனெயார் என்பவருடைய யோசனையில் பிறந்தது, அதனால் அந்த ஆபீஸின் வாசனை அப்படியே வருகிறது. ஒவ்வொரு எபிசோடிலும் பெரிய நடிகர் யாராவது தன் நிஜப் பெயரிலேயே வந்து நடிக்கிறார். செசில் தெ பிரான்ஸ், இசபெல் யுப்பேர், மோனிக்கா பெலூச்சி என்று போகிறது. எல்லோரும் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் அவர்களுக்காகப் பார்க்கவில்லை. முதல் எபிசோடில் போனை எடுத்துப் பேசுகிற பெண்ணைப் பார்த்ததுமே உன் ஞாபகம் வந்துவிட்டது, பிறகு கண் வேறு பக்கம் போகவில்லை.

நோயெமி என்று ஒருத்தி. மத்தியாஸ் என்கிற பெரிய ஏஜென்ட்டின் உதவியாளர். லோர் கலாமி என்ற நடிகை செய்திருக்கிறாள். மத்தியாஸ் தந்திரக்காரர், பொய் சொல்லத் தயங்காதவர். அவர் யாரிடம் என்ன சொன்னார், எந்தப் பொய்யை எந்தத் தேதி வரை காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் நோயெமியின் தலையில்தான் இருக்கிறது. அவர்மேல் அவளுக்கு மனசுக்குள் ஆசை வேறு. முதலில் சிரிப்பு மூட்டுவதற்காக வைத்த ஆள் மாதிரித்தான் தெரிந்தாள், படபடப்பும் பெரிய கண்ணுமாக. போகப் போக, இவள் ஒருநாள் லீவு போட்டால் அந்த ஆள் என்ன ஆவார் என்று நமக்கே பயம் வந்துவிடுகிறது. அந்த நடிகைக்கு 2021-இல் வேறொரு படத்துக்காக சிறந்த நடிகை என்று பிரான்ஸின் பெரிய சினிமா விருதான செசார் விருது கொடுத்தார்கள். கேள்விப்பட்டதும் நம் வீட்டுப் பெண் வாங்கின மாதிரி சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் எர்வே. கப்ரியேல் என்கிற இன்னொரு ஏஜென்ட்டுக்கு உதவியாளன். நிக்கோலா மோரி நடித்திருக்கிறார். மெலிந்த உடம்பு, பொசுக்கென்று கோபம், அதே வேகத்தில் அழுகை. ஆபீஸில் யாருக்கு மனசு சரியில்லை என்பது அவனுக்குத்தான் முதலில் தெரியும். வரவேற்பு மேஜையில் சோஃபியா. அவளுக்கு நடிகையாக வேண்டும். நாளெல்லாம் நடிகர்களுக்கு வருகிற போனை எடுத்துக் கொடுத்துக்கொண்டே தனக்கும் ஒன்று வராதா என்று காத்திருக்கிறாள். கமீய் என்கிற சின்னப் பெண் தெற்கிலிருந்து வந்து உதவியாளராகச் சேர்கிறாள். அவள் மத்தியாஸின் மகள், ஆபீஸில் யாருக்கும் தெரியாது. அப்பாவின் அறைக்கு வெளியே உட்கார்ந்து அப்பா என்று கூப்பிட முடியாமல் வேலை பார்ப்பதை நினைத்துப் பார். அந்த இடங்களில் நான் நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தேன்.

ஆர்லெத் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவளும் ஏஜென்ட்தான், இருப்பதிலேயே மூத்தவள். மடியில் ஒரு குட்டி நாய், அதற்கு ஜான் காபேன் என்று அந்தக் காலத்துப் பெரிய நடிகரின் பெயர். நடித்த லிலியான் ரொவேர் 1933-இல் பிறந்தவர், தொடர் ஆரம்பித்தபோது 82 வயது. வசனம் அதிகம் கிடையாது. மீட்டிங்கில் மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது நாயைத் தடவிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வாள். இந்த இயக்குநர் முப்பது வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தான், எந்த நடிகை யாரோடு பேசமாட்டாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஓர் ஆபீஸில் நினைவு என்பது அப்படி யாராவது ஓர் ஆளிடத்தில்தான் இருக்கிறது.

குறையும் உண்டு. முதல் மூன்று சீசனை முன்னின்று எழுதிய ஃபானி எரேரோ விலகிய பிறகு வந்த நான்காவது சீசன் அவசரமாக ஓடுகிறது. 2021-இல் சர்வதேச எம்மி விருது அதற்குத்தான் கிடைத்தது, இருந்தாலும் என் அபிப்பிராயம் மாறவில்லை. இதையே இந்தியில் மும்பையில் நடப்பது மாதிரி எடுத்தார்கள். இரண்டு எபிசோடு பார்த்தேன், உதவியாளர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை என்று பட்டது, விட்டுவிட்டேன்.

இசபெல் யுப்பேர் வருகிற எபிசோடு ஒன்று இருக்கிறது. அந்த அம்மா ஒரே நேரத்தில் இரண்டு படத்தில் நடித்துக்கொண்டிருப்பார். ஒரு படக்காரர்களைப் பற்றி மற்ற படக்காரர்களுக்குத் தெரியக் கூடாது. அவரை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே கடத்த ஆபீஸே ஓடும். அதைப் பார்த்தபோது நீ சொன்ன அந்த ஐப்பசி மாதம் ஞாபகம் வந்தது. ஒரே நடிகருக்குப் பகலில் ஏவி.எம். ஸ்டூடியோ, ராத்திரி பிரசாத் ஸ்டூடியோ. நடுவில் காரிலேயே மேக்கப் மாற்றம். மழை கொட்டுகிறது, எல்லோர் கையிலும் செல்போன் இல்லாத காலம். நீ வடபழனியில் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு, பகல் யூனிட்டுக்கு “கிளம்பிட்டாங்களா?” என்றும் ராத்திரி யூனிட்டுக்கு “கிளம்பிட்டாங்க” என்றும் மாறி மாறி போன் பண்ணிக்கொண்டிருந்தாய். மடியில் இட்லிப் பொட்டலம், அந்த நடிகருக்காக. நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அதை 50 நிமிஷக் கதையாக எடுத்திருக்கிறார்கள். நீ ஒரு மாதம் முழுக்கச் செய்தாய்.

அந்த இரண்டில் ஒரு படம் நூறு நாள் ஓடி விழா எடுத்தபோது உன்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் வந்திருந்தேன், கடைசி வரிசையில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் வரைக்கும் மேடைக்குக் கூப்பிட்டு ஷீல்டு கொடுத்தார்கள். உன் பெயரை யாரும் சொல்லவில்லை. நீ வேலை பார்த்த ஆபீஸ்காரர் உனக்கும் சேர்த்துத் தானே வாங்கிக்கொண்டு இறங்கினார். பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் நீ ஒன்றுமே பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

இதையெல்லாம் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது, அதனால்தான் உட்கார்ந்துவிட்டேன். காலை 6 மணிக்கு வழக்கம்போல பீச் ரோடு நடந்துவிட்டு ரொமேன் ரோலன் வீதி வழியாகத் திரும்பினேன். அங்கே ஷூட்டிங். இந்த வீதிகளில் ஷூட்டிங் நமக்குப் புதிதில்லை, மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் இருந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கதாநாயகி செருப்பில்லாமல் நடந்து வருகிற மாதிரி ஷாட். கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள், 22, 23 வயது இருக்கும். இடது கையில் அந்த நடிகையின் செருப்பு ஜோடி. குதிகாலை மேலே வைத்து, வார் மண்ணில் படாதபடி விரலில் மாட்டியிருந்தாள். வலது கையில் இரண்டு போன். கக்கத்தில் குடை. அவள் காலிலோ பிய்ந்த ரப்பர் செருப்பு, வாருக்கு ஊக்கு குத்தியிருந்தாள். ஒரு போன் அதிர்ந்தது. குரலே எழும்பாமல் பேசினாள்: “அக்கா ஷாட்ல இருக்காங்க சார். பிரேக் விட்டதும் நானே கூப்பிடறேன்.”

அச்சு அசல் உன் வார்த்தை! வளசரவாக்கம் வீட்டில் நான் வந்து தங்கும்போதெல்லாம் நாளைக்கு இருபது தடவை கேட்டிருக்கிறேன். ‘நானே கூப்பிடறேன்’ என்பதில் அந்த ‘நானே’வைக் கொஞ்சம் அழுத்துவாய், எதிரில் இருப்பவர் அதோடு அடங்கிவிடுவார். அந்தப் பெண்ணும் அதே இடத்தில் அழுத்தினாள். யார் சொல்லிக் கொடுத்தது? ஷாட் முடிந்ததும் ஓடிப்போய்க் குனிந்து செருப்பைப் போட்டுவிட்டாள். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். “மொதல்ல அக்கா குடிச்சிடட்டும்மா” என்றாள். ஆறிப் போன பிறகு ஒரே மடக்கில் குடித்தாள்.

முத்தியால்பேட்டையிலிருந்து கருவடிக்குப்பம் கூப்பிடு தூரம் என்பது உனக்குத் தெரியும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் நினைவிடம் அங்கேதான். 1922 நவம்பரில் இந்த ஊரில்தான் அவர் காலமானார். இளமையில் எமன், சனீஸ்வரன் என்று வேஷம் கட்டினவர், பிறகு அரிதாரத்தை விட்டுவிட்டு வாத்தியாராகப் பின்னால் போய் நின்றுகொண்டார். பாட்டு எழுதி, பையன்களுக்குப் பாடம் சொல்லி, மேடைக்கு அனுப்புவதே வேலை. அவரிடம் சின்ன வயதில் படித்த டி.கே. சண்முகம் பின்னாளில் அந்த நாடகக் கம்பெனி வாழ்க்கையை உட்கார்ந்து எழுதி வைத்தார். அதனால்தான் திரைக்குப் பின்னால் யார் யார் எப்படி இருந்தார்கள் என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. எழுதாமல் விட்டிருந்தால் கதாநாயக வேஷம் கட்டின ராஜபார்ட்டின் பெயர் மட்டும் நோட்டீஸில் மிஞ்சியிருக்கும்.

உன் டைரியை நான் பார்த்திருக்கிறேன். பென்சிலால்தான் எழுதுவாய், தேதி மாறும் என்பதால். ரப்பரால் அழித்து அழித்துக் காகிதம் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். முன்பணம் வந்த தேதிக்குச் சின்ன வட்டம், பாக்கிக்குப் பெருக்கல் குறி. ஓரத்தில் ‘அம்மாவுக்கு ஆபரேஷன், 3 நாள் கேட்காதே’ என்று இருக்கும். ‘மீன் ஆகாது’, ‘டான்ஸ் மாஸ்டருடன் பேச்சு இல்லை, தள்ளி உட்கார வை’ என்று இருக்கும். கோடம்பாக்கம் 1992-லிருந்து 2010 வரை எப்படி ஓடியது என்பது அந்த ஓரங்களில் இருக்கிறது. பத்திரிகையில் வந்ததெல்லாம் ரிலீஸ் தேதி. அதற்குப் பின்னால் எத்தனை தேதி அழிந்தது என்பது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

யாரையும் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்குத் தெரியாதா? பெயரை விட்டுவிட்டு வேலையை எழுது. ஒரு கால்ஷீட் எப்படிப் பிறக்கிறது, எப்படி உடைகிறது, உடைந்ததை எப்படி ஒட்டுவாய் என்று எழுது. எழுத உட்கார முடியவில்லை என்றால் சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இந்தோசீனாவில் இருந்த கதையை அவர் சொல்லச் சொல்ல நான்தானே இரண்டு நோட்டு நிறைய எழுதினேன். அதில்தான் என் பிரெஞ்சே தேறியது. அந்த நோட்டை இப்போது பேத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.

வருகிற சனிக்கிழமை வா. காலையில் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினால் முள்ளோடை தாண்டும்வரை கூட்டம் இருக்காது, முட்டியை நீட்டி உட்காரலாம். புது பஸ் ஸ்டாண்டுக்கு வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு வருவார். 19-ஐயும் சுமக்காதே, 1996-ஐ மட்டும் எடுத்து வா, அந்த ஐப்பசி அதில்தான் இருக்கிறது. மத்தியானம் வஞ்சிரம் வறுக்கிறேன். சாயங்காலம் முதல் எபிசோடு பார்ப்போம், நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்கிறேன். நோயெமி போனை எடுக்கும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய பேப்பர்காரர் நடுவில் வந்தால் செய்தித்தாளை மட்டும் போடு.

உன்,
ஜன்னலோர பெஞ்சுக்காரி