முதலீட்டு ஒப்பந்தத்தில் மதிப்பீடு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புத்தொழில் நிறுவனங்கள் முதலீடு திரட்டும் செய்திகளில் தொகையும் நிறுவனத்தின் மதிப்பீடும் தவறாமல் வருகின்றன. பேரம் பேசப் போகும் இளைஞர்களும் அந்த இரண்டு எண்களையே பிடித்துக்கொள்கிறார்கள். மதிப்பீட்டில் நாலைந்து கோடி கூட்டி வாங்கிவிட்டு, டெர்ம் ஷீட்டின், அதாவது முதலீட்டு நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லும் தாளின், மற்ற வரிகளில் அதைவிட அதிகமாக விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதலீட்டுக்கு முந்தைய மதிப்பீடு 32 கோடி ரூபாய், வரும் பணம் 8 கோடி. மொத்தம் 40 கோடி. முதலீட்டாளருக்கு 20 சதவீதம். நிறுவனர்களுக்கு 80 மிஞ்சும் என்றுதான் தோன்றும். ஆனால், ஊழியர்களுக்குப் பிறகு கொடுப்பதற்காக ஒதுக்கும் இசாப் (ESOP) பங்கு 10 சதவீதம், அதை முதலீட்டுக்கு முன்பே ஒதுக்கிவிட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பத்தும் நிறுவனர்கள் கையிலிருந்தே போகிறது. மிஞ்சுவது 70 சதவீதம், அதாவது 28 கோடி. 32 என்பது பேச்சுக்குத்தான். அடுத்த ஒன்றரை ஆண்டில் யாரையெல்லாம் வேலைக்கு எடுக்கப்போகிறோம், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பங்கு என்று பட்டியலோடு போனால் இந்தப் பத்தைக் குறைத்துப் பேச இடமுண்டு.

இதைவிடக் கவனிக்க வேண்டியது லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ், அதாவது நிறுவனம் மூடப்பட்டாலோ விற்கப்பட்டாலோ முதலீட்டாளர் மற்றவர்களுக்கு முன் தன் பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை. பெயரைப் பார்த்து, நிறுவனம் நொடித்துப்போனால்தானே என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல விலைக்கு விற்றாலும் இது செல்லுபடியாகும். மேலே சொன்ன அதே நிறுவனம் பின்னர் 60 கோடிக்கு விலைபோகிறது என்று வையுங்கள். 'நான்-பார்ட்டிசிபேட்டிங்' என்றிருந்தால் முதலீட்டாளர் போட்ட 8 கோடியையோ 20 சதவீதமான 12 கோடியையோ, எது அதிகமோ அதை எடுப்பார். 'பார்ட்டிசிபேட்டிங்' என்றிருந்தால் முதலில் 8 கோடி, பிறகு மீதி 52 கோடியில் 20 சதவீதம், ஆக 18.4 கோடி. அந்த ஒரு சொல்லின் விலை 6.4 கோடி. மதிப்பீட்டில் ஒரு கோடி குறைத்துக்கொண்டாவது முதல் வகையைக் கேட்டு வாங்குவதே எங்கள் கணக்கில் லாபம். அடுத்த சுற்று குறைந்த விலைக்குப் போனால் என்ன என்பதற்கான விதியில் 'ஃபுல் ராட்செட்' (பழைய முதலீட்டாளரின் பங்கு விலையை அந்தக் குறைந்த விலைக்கே முழுதாக இறக்கிவிடும் முறை) என்று கண்டால் ஒப்புக்கொள்ளவே கூடாது. பழைய, புதிய விலைகளின் எடையிட்ட சராசரிக்கு மட்டும் இறக்கும் முறைதான் வழக்கம்.

பேரம் முடிந்த பிறகு வரும் தவறுகள் வேறு வகை. குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தனிப்பட்ட முறையில் பங்கு வெளியிடுவதற்கு, கம்பெனிகள் சட்டம் 2013-இன் 42-ஆம் பிரிவிலும் அதற்கான விதிகளிலும் வரிசை தெளிவாக இருக்கிறது. பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம், அதை எம்ஜிடி-14 படிவத்தில் பதிவாளரிடம் தாக்கல் செய்வது, அதன் பிறகே பிஏஎஸ்-4 சலுகைக் கடிதம். பணம் தனி வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 15 நாளுக்குள் அதைத் தெரிவிக்கும் பிஏஎஸ்-3 படிவத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை ஒரு ரூபாயைக்கூடத் தொடக் கூடாது. நடைமுறையில், தெரிந்தவர் ஒருவர் நம்பிக்கையில் நடப்புக் கணக்குக்கே பணத்தை அனுப்பிவிடுவார், அது அந்த மாதச் சம்பளத்துக்குப் போய்விடும், காகித வேலை பிறகு என்று தள்ளிப்போகும். 60 நாளில் ஒதுக்காமல், அடுத்த 15 நாளில் திருப்பியும் தராவிட்டால் 12 சதவீத வட்டி ஏறும், பணமும் 'டெபாசிட்' ஆகக் கருதப்படும். அடுத்த சுற்றில் வருபவரின் வழக்கறிஞர் முதலில் தோண்டுவது இதைத்தான். வெளிநாட்டு முதலீட்டாளர் என்றால், பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு, அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் எஃப்சி-ஜிபிஆர் படிவமும் போக வேண்டும்.

நியாய மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குப் பங்கு விற்றால் அந்தக் கூடுதலை நிறுவனத்தின் வருமானமாகக் கருதி விதித்த ஏஞ்சல் வரி 2024 பட்ஜெட்டில் நீக்கப்பட்டுவிட்டதால் மதிப்பீட்டு அறிக்கையே வேண்டாம் என்ற பேச்சும் காதில் விழுகிறது. நீக்கப்பட்டது வருமான வரிச் சட்டத்தில். கம்பெனிகள் சட்டத்தின் 62(1)(சி) பிரிவின்படி பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை இன்றும் தேவை.

இன்னொன்று மென்பொருள் நிறுவனங்களுக்கு. கம்பெனி பதிவாகும் முன் நிறுவனர் எழுதிய மென்பொருளும், வெளியாளிடம் காசு கொடுத்து எழுதி வாங்கியதும் தானாகக் கம்பெனிக்குச் சொந்தமாகிவிடாது. எழுத்துபூர்வமாக மாற்றித் தர வேண்டும். அந்தப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதை 5 ஆண்டுக்கு மட்டும் என்று கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை திரும்பிப் போய்விடும் என்ற விதியும் அதே பிரிவில் உண்டு. ஆகவே, உரிமை முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், பயன்படுத்தாவிட்டாலும் திரும்பாது என்ற மூன்றையும் பத்திரத்தில் எழுதி, முதலீட்டாளரைப் பார்க்கப் போகும் முன்பே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
புத்தொழில் நிறுவனங்களுக்குக் கணக்கு, சட்டப் பணிகள் செய்யும் பட்டயக் கணக்காளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்