கூடு கட்டுபவை வெளிநாட்டுப் பறவைகள் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

வேடந்தாங்கல் சீசன் தொடங்கிவிட்டால், ‘வெளிநாட்டுப் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கக் குவிந்தன’ என்று செய்தி வருகிறது. படத்தில் இருப்பதோ பெரும்பாலும் நத்தைகுத்தி நாரை. மரத்தில் கூடு கட்டும் நத்தைகுத்தி, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் நம்மூர்ப் பறவைகள்தாம். நீரும் இரையும் இருக்கும் இடம் பார்த்து இடம் மாறுபவை. சைபீரியா, மத்திய ஆசியப் பக்கமிருந்து வரும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி போன்றவை இங்கே முட்டையிடுவதில்லை. குஞ்சு பொரிக்கும் வேலையை வடக்கே முடித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க வருகின்றன. மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடுகின்றன.

எங்கே, எப்போது போவது என்பதே இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. கூடுகளைப் பார்க்க ஏரி நிறைந்திருக்க வேண்டும். நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீரில் நின்றால்தான் தரைவழி வரும் விலங்குகள் கூட்டை நெருங்காது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை இதற்கு ஏற்ற காலம். மழை பொய்த்த ஆண்டில் மரங்கள் காலியாகவே இருக்கும்.

அதே நிறைந்த ஏரி வலசை வாத்துகளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஊசிவால் வாத்து பொதுவாக முங்கி இரை எடுப்பதில்லை. தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி, அடிச்சேற்றைத் துழாவும். கழுத்து எட்டும் ஆழம்தான் அதற்கு வேண்டும். அதனால் வாத்துகளைத் தேடுவோர் பக்கத்திலேயே உள்ள, ஆழம் குறைந்த கரிக்கிலி ஏரிக்கும் போக வேண்டும். சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களைப் பார்க்க, நீர் வற்றி ஓரத்தில் சேறு தெரியும் பிப்ரவரி, மார்ச்தான் நல்லது. இரண்டு ஏரிகளுமே 2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. பார்வையாளர் கூட்டம் என்னவோ வேடந்தாங்கலில்தான்.

காலை எட்டரைக்குள், அல்லது மாலை நாலு மணிக்கு மேல் பாருங்கள். வெயில் ஏறினால் நீர்ப்பரப்பின் மேல் காற்று அலைந்து உருவம் கலங்கும். தொலைநோக்கியை எவ்வளவு திருகினாலும் தெளியாது. கையில் பிடித்துப் பார்க்க 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) தொலைநோக்கி போதும். 16, 20 மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் பறவையோடு கைநடுக்கமும் பெரிதாகும். தூரத்து வாத்துக்கு முக்காலியில் வைத்த ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கிதான் வழி. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும்; எதிரே இருந்தால் எல்லாம் கறுப்பு நிழல்.

வாத்துகளில் நிறத்தை நம்பாதீர்கள். அக்டோபர், நவம்பரில் ஆண்களில் பலவும் பெட்டை போல மங்கலாகவே இருக்கும். நீலச்சிறகி ஆணின் கண்ணுக்கு மேல் உள்ள வெள்ளைப் பட்டை குளிர்காலம் முடியும் தறுவாயில்தான் எடுப்பாகத் தெரியும். அலகையும் கழுத்தையும் பாருங்கள்: தட்டைவாயனுக்கு மண்வெட்டி போல் விரிந்த அலகு, ஊசிவாலுக்கு மெலிந்து நீண்ட கழுத்து. நாரைகளிலும் இளம் பறவைகள் ஏமாற்றும். நத்தைகுத்தியின் அலகு நடுவே தெரியும் இடைவெளி குஞ்சுக்கு இருக்காது. மஞ்சள் மூக்கு நாரையின் குஞ்சு பழுப்பாக இருக்கும், தாய்க்குள்ள இளஞ்சிவப்பு இறகு இராது. ‘புதிய இனம் வந்திருக்கிறது’ என்ற பேச்சு சில நேரம் இப்படித்தான் கிளம்புகிறது போலும்.

படத்துக்காகக் கைதட்டிப் பறக்கவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாய்ப்பறவை எழுந்த சில நிமிடங்களில் காகம் முட்டையைத் தூக்கிவிடும்; இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் துவளும். வலசை வாத்துக்கு வேறு நஷ்டம்: திரும்பும் பயணத்துக்குச் சேர்க்கும் கொழுப்பை வீணாகப் பறந்தே கரைக்கிறது.

சீசன் செய்தியில் இரண்டு வரி கூடுதலாகப் போட முடியுமா? ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எவை கூட்டில் இருக்கின்றன, எவை இரை மட்டும் எடுக்கின்றன என்று தெரிந்தால், குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இந்த வாரமா அடுத்த மாதமா என்று முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர்கள் சிலர்,
செங்கல்பட்டு மாவட்டம்