பெட்டியைப் பிரித்து வை

பாளையங்கோட்டை,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம்.

நேற்று வீடியோவில் ஆஸ்பத்திரிக் கப்பலில் உன் அறையைச் சுற்றிக் காட்டினாய். அப்பா உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி மேல் நின்றுவிட்டது. போய்ப் பதினேழு நாள் ஆகிறது, கைப்பிடியில் ஒட்டிய ஏர்போர்ட் சீட்டைக்கூட நீ கிழிக்கவில்லை. "பத்து மாசம்தானம்மா, எதுக்குப் பிரிச்சு அடுக்கணும்" என்றாய். அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இந்தக் கடிதம். தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான்.

நான் வேலூருக்கு நர்சிங் படிக்கப் போனபோது இதே வேலைதான் செய்தேன். ஒன்றரை மாதம் தகரப் பெட்டியிலிருந்தே சேலையை எடுத்து உடுத்தி, துவைத்து மடித்து மறுபடியும் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுவேன். ராத்திரி தூக்கமே வராது. ஒருநாள் டூட்டி முடிந்து வந்து பார்த்தால், பக்கத்துக் கட்டில் மலையாளச் சேச்சி தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, பழைய மனோரமா பேப்பரை விரித்து, மூலையில் இரண்டு ரசகற்பூர உருண்டையும் வைத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே அடுக்கினேன். அன்று ராத்திரி அடித்துப் போட்டது போலத் தூங்கினேன்.

ஜன்னல் இல்லாத அறை, விடிந்ததா இருட்டியதா என்றே தெரியவில்லை என்று சொன்னாய். எழுந்ததும் மேல்தளத்துக்குப் போய் ஐந்து நிமிஷம் வெயிலில் நின்றுவிட்டு வா. கப்பல் சுவர் இரும்புதானே, காந்தக் கொக்கி நன்றாகப் பிடிக்கும். துண்டு, அடையாள அட்டை எல்லாம் அதில் மாட்டலாம். பாட்டி படத்தையும் ஒட்டு. கூட இருக்கும் பிள்ளைகளிடம் நீயே முதலில் பேசு. பருப்புப் பொடி டப்பாவைத் திறந்தால் பேச்சு தானாக வரும்.

அப்பா உன் கப்பலைப் பற்றி எல்லாம் தேடிப் படித்துவிட்டார். குளோபல் மெர்சி 174 மீட்டர் நீளமாம், 12 தளமாம், ஆறு ஆபரேஷன் தியேட்டராம். நம் தெருவே அவ்வளவு நீளம் வராது. இன்னொன்றும் சொன்னார். மிஷனரி ரேனியஸ் ஐயரை 1820-ல் நம் ஊருக்கு அனுப்பிய அதே சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கம், அதற்கும் முன்னால் 1804-லேயே தன் முதல் மிஷனரிகளைச் சியரா லியோனுக்குத்தான் அனுப்பியதாம். எனக்கு அதைக் கேட்டதும், உன் கப்பல் நிற்கிற அந்த நாட்டு ஃப்ரீடவுன் கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருந்தது. நீ ஒன்றும் நமக்குச் சம்பந்தமில்லாத ஊருக்குப் போய்விடவில்லை, கண்ணு.

கழுத்துக் கட்டியைத் துணியால் மூடிக்கொண்டு, கப்பல் ஏறப் பயந்து படிக்கட்டிலேயே நின்ற பாட்டியைப் பற்றிச் சொன்னாயே, அவர்கள் நினைவு போகவே இல்லை. துணைக்கு வந்த பேத்தி கட்டிலுக்கு அடியில் மெத்தை போட்டுப் படுக்கிறாள் என்றாய். நம் பெரியாஸ்பத்திரியிலும் அப்படித்தானே. அவர்களுக்கும் அது புது வீடுதான், உன்னைவிடவும் புதுசு. காலையில் அவர்கள் மொழியில் "ஹௌ டி போடி" என்று கேட்கிறாய் அல்லவா, அதை ஒருநாளும் விடாதே. நாம் "சுகமா" என்று கேட்கிற மாதிரி, அதில் அவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

சாப்பாடு பற்றி எனக்குக் கவலை இல்லை, சோறு தின்கிற ஊர். மரவள்ளி இலையை இடித்துப் பாமாயிலில் குழம்பு வைப்பார்கள் என்றாய். இங்கே ஆட்டுக்குப் போடுகிறோம்! எப்படி வைக்கிறார்கள் என்று கேட்டு எழுது. மலேரியா மாத்திரையை மட்டும் மறக்காதே.

சம்பளமும் இல்லாமல், தங்கவும் சாப்பிடவும் கைக்காசைக் கட்டி ஒரு பெண் போக வேண்டுமா என்று இங்கே சிலர் கேட்கத்தான் செய்கிறார்கள். இரண்டு வருஷம் நீ சிறுகச் சிறுகச் சேர்த்ததை நான் பார்த்தவள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை, பெருமைதான்.

இன்றைக்குச் சர்ச்சில் ஐயர் பிரசங்கத்தில் பைபிளில் வரும் சூனேம் ஊராளைப் பற்றிச் சொன்னார். எலிசா தீர்க்கதரிசி தங்கவென்று அவள் வைத்தது ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு குத்துவிளக்கு. எனக்கு உன் அறைதான் கண்ணில் வந்தது. நாலும் அங்கே இருக்கிறது, கட்டில் தலைமாட்டு விளக்கு உட்பட.

சரி, இதைப் படித்ததும் பெட்டியை இழு. அடியில் நீலத் துண்டுக்குள் நார்த்தங்காய் ஊறுகாய் சுற்றி வைத்திருக்கிறேன், நீ இன்னும் பார்த்திருக்க மாட்டாய். அடுக்கி முடித்ததும் அலமாரியைப் போட்டோ எடுத்து அனுப்பு. உனக்கு ராத்திரி ஒன்பது என்றால் எங்களுக்கு இரண்டரை மணி, பரவாயில்லை, அனுப்பு.

அன்புடன்,
அம்மா