மொரீஷியஸ் டூரை ஏன் மாத்துனோம்? நம்ம கஸ்டமர்களுக்கு ஒரு மடல்

நம்ம கடை வழியா டூர் போனவங்க, போகப்போறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளா போன்லயும் வாட்சப்லயும் ஒரே கேள்விதான் வந்துக்கிட்டு இருக்கு. முன்னாடி மொரீஷியஸ் நாலு நைட்டு போட்டிருந்தீங்க, இப்ப ஏழு நைட்டுங்குறீங்க, ரேட்டும் ஏறியிருக்கு, மூணு வேளை சாப்பாடும் ஹோட்டல்லயே சேத்து குடுத்தீங்க, இப்ப காலை டிபன் மட்டும்னு இருக்கு, என்னாச்சுன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்வி. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடுவோம்னுதான் இது. நீளமாத்தான் இருக்கும், ஆனா காசு போடப்போறது நீங்க, பொறுமையா படிச்சிருங்க.

முதல்ல நாள் கணக்கு. மதுரைல கிளம்பி மும்பை போய், அங்க காத்துக்கிடந்து, அப்புறம் ஆறு மணி நேரம் சொச்சம் பறந்து போய் இறங்குனா ஏர்போர்ட் தீவோட தென்கிழக்குல இருக்கு, ரூமு வடக்க கிராண்ட் பே பக்கம்னா அங்கருந்து ரோட்டுல இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல. முதல் நாள் அசதியில போயிடும், கடைசி நாள் பெட்டி கட்டுறதுல போயிடும், நடுவுல இருக்குற நாள்ல ஹோட்டல் பீச்சு, ஹோட்டல் நீச்சல் குளம், ஹோட்டல் பஃபே. திரும்பி வந்தவங்ககிட்ட எப்படி இருந்துச்சுன்னு கேட்டா "கடல் சூப்பர் சார்"னு சொல்லி முடிச்சிருவாங்க. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. கடல் நல்லாதான் இருக்கும், சுத்தி பவளப்பாறை அரண் மாதிரி நிக்குறதால உள்ள தண்ணி அலையில்லாம பச்சையும் நீலமுமா கெடக்கும், இல்லைங்கல. ஆனா அந்த ஊர்ல பாக்கவேண்டியது கடலோட நின்னுடல, மனுஷங்க இருக்காங்க.

தீவு மொத்தமே நம்ம மதுரை மாவட்டத்துல பாதிதான் இருக்கும். அதுக்குள்ள பிரெஞ்சுக்காரன் ஆண்டிருக்கான், 1810ல இருந்து வெள்ளைக்காரன் ஆண்டிருக்கான், 1968ல சுதந்திரம். ஆப்பிரிக்காவுலயும் மடகாஸ்கர்லயும் இருந்து அடிமையா பிடிச்சுட்டு வந்தவங்க வம்சம், சீனாவுல இருந்து கடை வைக்க வந்தவங்க, 1730கள்லயே பாண்டிச்சேரி காரைக்கால் பக்கமிருந்து கட்டட வேலைக்குப் போன நம்ம ஆளுங்க, 1834க்கு அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா பீகார்ல இருந்து கல்கத்தா வழியாவும், நம்ம பக்கம் மெட்ராஸ்லயும் கப்பல் ஏறுனவங்க, எல்லாரும் அங்கதான் இருக்காங்க, எல்லாரும் கிரியோல்னு ஒரே பாஷை பேசுறாங்க. தைப்பூசத்துக்கு அரசாங்க லீவு, சிவராத்திரிக்கு லீவு, ரம்ஜானுக்கு லீவு, சீனப் புத்தாண்டுக்கும் லீவு.

போய் இறங்குனதும் அந்த ஊர் ரூபா நோட்டை வாங்கி கையில வச்சு நிதானமா பாருங்க. தமிழ் எழுத்தும் இருக்கும், தமிழ் எண்ணும் இருக்கும், நம்ம பள்ளிக்கூடத்துல கூட பழக்கத்துல இல்லாத க, உ, ரு எல்லாம் அங்க நோட்டுல ஓடிக்கிட்டிருக்கு. 1998ல புது நோட்டுல தமிழை இந்திக்குக் கீழ எறக்கிட்டாங்கன்னு அங்கருக்க தமிழர்கள் போராடி அந்த நோட்டையே திரும்ப வாங்க வச்சாங்க. ஆனா ஒண்ணு, எல்லாரும் தமிழ்ல பேசுவாங்கன்னு நினைச்சு போகாதீங்க. பேரு தமிழ்ப் பேரா இருக்கும், பேசுறது கிரியோலா இருக்கும். அதுக்காக அவங்களைக் குறைவா நினைக்காதீங்க, இத்தனை தலைமுறை கழிச்சும் காவடி எடுக்குறாங்க.

பாஷை சாப்பாட்டுல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. போர்ட் லூயிஸ் சென்ட்ரல் மார்க்கெட்ல காய்கறிப் பக்கம் நான் நின்னுட்டு இருந்தப்ப, ஆப்பிரிக்க ஜாடையில இருந்த ஒரு அம்மா கடைக்காரர்கிட்ட "காரிபூலே"ன்னு கேட்டு வாங்குனாங்க. அவங்க பையில போய் விழுந்தது ஒரு கொத்து கறிவேப்பிலை. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா கேட்டேன், பீர்க்கங்காய்க்கு பிபங்காய்ங்குறாங்க, முருங்கைக்கீரைக்கு ப்ரெட் முரூம்ங்குறாங்க, ரசத்துக்கு ரசோன். வெளிய வந்தா தால்பூரி வண்டி. பருப்பை அரைச்சு உள்ள வச்ச மெல்லிசான ரொட்டி, ஜோடியாத்தான் குடுப்பாங்க, உள்ள மொச்சை மாதிரி ஒரு பெரிய பயறுல வச்ச குழம்பு, தக்காளித் தொக்கு, சட்னி எல்லாம் தடவி பேப்பர்ல சுருட்டிக் கையில குடுப்பாங்க, ஒழுகும், அப்படியே நின்னுக்கிட்டே சாப்பிடணும். காதோ பிமான்னு ஒண்ணு போடுவாங்க, கடிச்சுப் பாத்தா நம்ம பருப்பு வடை. சப்ஜா விதை, கடல்பாசி, பால் போட்டு அலுடான்னு ஒரு குடிக்கிற அயிட்டம், ஜிகர்தண்டா குடிச்சு வளந்த நமக்கு அது அந்நியமா தெரியாது. இதெல்லாம் ஹோட்டல் பஃபேல உக்காந்தா கிடைக்குமா? அதனாலதான் மதியமும் ராத்திரியும் சாப்பாட்டை பேக்கேஜ்ல இருந்து எடுத்தோம். சைவக்காரங்க பயப்பட வேண்டாம், தால்பூரி சைவம்தான், மத்த கடைகளுக்கு லிஸ்ட் குடுத்து அனுப்புறோம்.

ஏழு நாள்ல ஞாயித்துக்கிழமை நடுவுல வர்ற மாதிரி தேதி போடுறோம், அதுக்கும் காரணம் இருக்கு. அன்னிக்கு ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் மாதிரி பொது பீச்சுல சவுக்கு மர நிழல்ல குடும்பம் குடும்பமா பாயை விரிச்சு, பெரிய பெரிய பாத்திரத்துல பிரியாணி கொண்டாந்து, பாட்டி முதல் கைப்பிள்ளை வரைக்கும் பொழுது சாயுறவரை இருப்பாங்க. ரவான்னுங்குற ஆட்டுத்தோல் பறையை தீயில காட்டி சூடேத்தி அடிச்சு சேகா பாடுவாங்க, அது அடிமைகள் காலத்துல பொறந்த பாட்டும் ஆட்டமும், 2014ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. சும்மா பக்கத்துல போய் உக்காருங்க, சிரிச்சாலே போதும், கூப்பிட்டு உக்கார வச்சுக்குவாங்க.

போர்ட் லூயிஸ்ல ஆப்ரவாசி காட்ங்குற பழைய படித்துறைக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கோம். கூலிக்கு வந்தவங்க கப்பல்ல இருந்து இறங்கி ஏறுன கல் படிக்கட்டு அங்க இன்னும் இருக்கு. கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் பேர் அந்த வழியா போயிருக்காங்க. போன தடவை நம்ம குரூப்ல வந்த ஒரு பெரியவர், அவங்க தாத்தாவோட அண்ணன் கப்பல் ஏறிப் போனவரு அதோட தகவலே இல்லையாம், அந்தப் படிக்கட்டைப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம நின்னாரு. நான் வேனை இன்னும் அரைமணி நிறுத்தச் சொன்னேன்.

இப்ப மாசம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுக்கு நாங்களா டூர் போடுறதில்ல. ஒரு பிப்ரவரில ஹோட்டல் ரேட் கம்மியா கிடைக்குதேன்னு குரூப்பை அனுப்பி வச்சோம், புயல் எச்சரிக்கை மூணாம் நம்பர் ஏறிடுச்சு, அங்க மூணு போட்டா பஸ்ஸு கடை எல்லாம் நின்னுடும், யாரும் வெளிய வரக்கூடாது. ரெண்டு நாள் நம்ம ஆளுங்க ஜன்னலைச் சாத்திக்கிட்டு ரூமுக்குள்ளயே கெடந்தாங்க. தப்பு எங்க மேலதான், சீசன் தெரிஞ்சும் வித்தோம். அது பூமத்திய ரேகைக்குக் கீழ இருக்குற ஊரு, நமக்கு வெயில் கொளுத்துறப்ப அங்க இதமா இருக்கும். செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும்தான் நாங்க போகச் சொல்றது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல போனா கிழக்குக் கரையில காத்து பிச்சு எடுக்கும், அதனால மேற்க தங்க வைக்கிறோம். தைப்பூசக் காவடி பாக்கணும்னு ஆசைப்படுறவங்க மட்டும் மழைக்கும் புயலுக்கும் துணிஞ்சு வந்து கேளுங்க, தனியா ஏற்பாடு பண்ணித் தர்றோம், காவடி பாக்க அந்த ரிஸ்க் எடுக்கலாம்னுதான் நானும் சொல்லுவேன்.

டால்பின் டிரிப்பை எடுத்துட்டோம். காலையில ஒரு டால்பின் கூட்டத்தைச் சுத்தி அத்தனை படகு துரத்துறதைப் பாத்தப்புறம் அதை விக்க மனசு வரல. அதுக்குப் பதிலா ப்ளூ பே பக்கம் கண்ணாடி அடி போட்ட படகு, குழந்தைங்களுக்குப் பிடிக்கும்.

தண்ணில இறங்குறப்ப ரப்பர் ஷூ போட்டே ஆகணும், கடல் முள்ளெலி குத்துனா நாள் கணக்குல நடக்க முடியாது. தெற்க க்ரிக்ரிங்குற இடத்துல பாறை அரண் கிடையாது, பாக்க அழகா இருக்கும், இறங்கிடாதீங்க. தூக்க மாத்திரை, வலி மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர் சீட்டோட எங்ககிட்ட முன்னாடியே காட்டிருங்க, சில மருந்துக்கு அங்க ரொம்ப கெடுபிடி. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா முன்னாடி எடுக்க வேண்டாம், அங்க இறங்குனதும் குடுப்பாங்க, பணம் கிடையாது, ஆனா ரிட்டர்ன் டிக்கெட்டும் ரூம் புக்கிங்கும் கையில பேப்பரா இருக்கணும்.

ரேட் ஏறுனது மூணு நைட்டு கூடுனதால, அதுல சாப்பாட்டுக் காசைக் கழிச்சுத்தான் போட்டிருக்கோம். கணக்கு வேணும்னா கடைக்கு வாங்க, ஹோட்டலுக்கு எவ்வளவு, வேனுக்கு எவ்வளவு, எங்களுக்கு எவ்வளவுன்னு பேப்பரை எடுத்துக் காட்டுறேன். பழைய நாலு நைட்டுக்கு அட்வான்ஸ் கட்டுனவங்க மாற வேண்டாம்னு நினைச்சா பணத்தை முழுசா திருப்பித் தர்றோம். அக்டோபர் குரூப்புல சேர்றவங்க பாஸ்போர்ட் காப்பியோட சாயங்காலமா வாங்க, காலையில டிக்கெட் வேலையில இருப்போம், உக்காந்து பேச முடியாது.